அந்தத் தண்ணீர் ரியூப்பை எறியாதீர்கள்

வாசகி ஒருவர் எழுதிய கடிதம் நீளம், சாரத்தை மட்டும் தருகிறேன்:

"அக்கா, யாழ்ப்பாணத்தில் ஒரு உயிர்மருத்துவ ஆய்வுகூடத்தில் மூன்று மாதப் பயிலுனராகப் போன திங்கட்கிழமை சேர்ந்தேன். முதல் இரண்டு நாளும் ரியூப்புகளுக்கு லேபல் எழுதினேன், திரவத்தை அளந்து உறிஞ்சும் பைப்பெற்றின் நுனியில் மாட்டும் ரிப் பெட்டிகள் அடுக்கினேன். புதன்கிழமை அங்கே ஆராய்ச்சி செய்யும் அண்ணா ஒருவர் என்னை டிஎன்ஏயைப் பெருக்கும் பிசிஆர் போட விட்டார். பெருகிய டிஎன்ஏ கோடாகத் தெரியும் ஜெல்லை வியாழன் பார்த்தபோது, மாதிரிக்குப் பதில் தண்ணீர் விட்ட, ஒன்றும் வரக்கூடாத நெகற்றிவ் கொன்ட்ரோலிலும் கோடு வந்திருந்தது. அவர் 'ம்' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். தண்ணீர் எடுக்கும்போது ரிப் மாற்றினேனா என்று எனக்கு நிச்சயமில்லை. ஒருவருக்கும் சொல்லவில்லை. அந்தத் தண்ணீர் ரியூப் இன்னும் பிறீசர் பெட்டிக்குள் இருக்கிறது, திங்கள் வெள்ளனவே போய் எறிந்துவிடலாமா என்று யோசிக்கிறேன். ஏ.எல் வரை தமிழில் படித்ததால் அவர்கள் கதைப்பது பாதி விளங்கவில்லை. அம்மா வேறு, கிருமியை வீட்டுக்குக் கொண்டு வந்துவிடாதே என்கிறார். இந்த வேலை எனக்குச் சரிவருமா?"

தங்கச்சி, மற்றதெல்லாம் பிறகு. அந்த ரியூப்பை எறியாதீர்கள். திங்கட்கிழமை வரை காத்திருக்கவும் வேண்டாம், இதை வாசித்த கையோடு அந்த அண்ணாவுக்கு ஒரு மெசேஜ் போடுங்கள்: "அண்ணா, புதன்கிழமை தண்ணீர் எடுத்தபோது ரிப் மாற்றினேனா என்று எனக்கு நிச்சயமில்லை. அந்த ரியூப் பெட்டியில் இருக்கிறது." இவ்வளவு போதும். மன்னிப்பு, விளக்கம், அழுகிற முகம் ஒன்றும் தேவையில்லை. உங்கள் மனநிலை அவருக்கு இப்போது முக்கியமில்லை, அந்த ரியூப் எங்கே இருக்கிறது என்பதுதான் முக்கியம்.

ஏனென்று சொல்கிறேன். பிசிஆரில் ஒவ்வொரு சுற்றிலும் டிஎன்ஏ இரட்டிக்கிறது. 30 சுற்று ஓடவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம், ஒரே ஒரு பிரதி தவறி உள்ளே விழுந்திருந்தாலும் கணக்குப்படி முடிவில் 107 கோடிக்கு மேல் வரும். நடைமுறையில் அவ்வளவு முழுமையாக இரட்டிக்காது, ஆனால் ஜெல்லில் ஒரு கோடு காட்ட அதில் ஒரு பங்கே தாராளம். இதனால்தான் கண்ணுக்குத் தெரியாத ஒரு துளி ஒரு நாள் வேலையைக் கெடுத்துவிடுகிறது. அந்தத் துளி உங்கள் கையால் வந்ததாக இருக்கலாம். ஆனால் முடிந்துபோன பிசிஆர் ரியூப்பை யாரோ அதே மேசையில் திறந்தபோது எழும்பிய நுண்துளியாகவும் இருக்கலாம், போன மாதம் வேறு ஒருவர் தண்ணீர் ரியூப்புக்குள் விட்டதாகவும் இருக்கலாம். நீங்கள் வியாழக்கிழமையிலிருந்து உங்களுக்கு மட்டும் தீர்ப்பு எழுதிக்கொண்டு இருக்கிறீர்கள், விசாரணையே இன்னும் நடக்கவில்லை.

அந்த விசாரணைக்கு உங்கள் ரியூப்தான் சாட்சி. ஒரே ஓட்டத்தில் ஒன்றுக்குப் பழைய தண்ணீர், இன்னொன்றுக்குப் புதிதாகத் திறந்த தண்ணீர், மற்றதெல்லாம் ஒரே மாதிரி. பழையதில் மட்டும் கோடு வந்தால் தண்ணீர்தான் கெட்டது. இரண்டிலும் வந்தால், மற்றச் சேர்மானங்களைக் கலந்து வைத்த மாஸ்டர் மிக்ஸையோ, பெருக்கத்தைத் தொடக்கிவைக்கும் குட்டி டிஎன்ஏத் துண்டான பிறைமரையோ, பைப்பெற்றையோ பார்க்க வேண்டும். இரண்டிலும் வராவிட்டால் அன்றைக்கு ரியூப்புகளில் ஊற்றும்போது ஏதோ நடந்திருக்கிறது. எறிந்துவிட்டால் இதில் ஒன்றுமே தெரியாது. பிறகு பாவம் அந்த அண்ணா, இருக்கிற எல்லா ரீஏஜென்ரையும் சந்தேகத்தில் கொட்டிவிட்டுப் புதிதாக வாங்க வேண்டியிருக்கும், அவை கொழும்பிலிருந்து ஐஸ் பெட்டியில் வந்து சேரும் வரை எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

இன்னொன்று, அந்தக் கோடு எந்த உயரத்தில் வந்தது என்று நீங்கள் எழுதவில்லை. மற்றக் குழிகளில் வந்த கோட்டுக்கு நேரே வந்ததா, அல்லது கீழே, ஓடிப்போகிற பக்கத்தின் கடைசியில், டிஎன்ஏ நீளம் 100 பேஸுக்கும் கீழே மங்கலாகப் புகை மாதிரி இருந்ததா? நேரே வந்திருந்தால் மாசு. கீழே வந்திருந்தால் அது இரண்டு பிறைமரும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பெருகியதாக இருக்கலாம், அதற்கும் உங்கள் ரிப்புக்கும் சம்பந்தமே இல்லை. அந்த "ம்"மும் இந்தக் கணக்கைத்தான் மனதுக்குள் போட்டிருக்கும் என்பது என் ஊகம். ஆராய்ச்சி மாணவர்கள் யோசிக்கும்போது முகம் கோபக்காரர் மாதிரித்தான் இருக்கும், நானும் அப்படித்தான் என்று வீட்டில் சொல்வார்கள்.

தண்ணீரை ஏன் சின்னச் சின்ன ரியூப்புகளில் பிரித்து வைக்கிறார்கள் என்று யாராவது சொன்னார்களோ தெரியவில்லை. எங்கள் ஊரில் பிறந்த உங்களுக்கு இது விளங்கக் கஷ்டமில்லை. குடிதண்ணீர்க் கிணற்றுக்குள் எச்சில் செம்பை விட விடுவாரா அம்மம்மா? வாளியால் அள்ளிக் குடத்தில் ஊற்றி, குடத்திலிருந்து செம்பில் எடுத்துத்தான் குடிக்க வேண்டும், குடம் கெட்டால் கொட்டிவிட்டுக் கழுவலாம், கிணறு கெட்டால் இறைத்துத்தான் தீர வேண்டும். அங்கே பெரிய போத்தல்தான் கிணறு. அலிக்கோட் என்று அவர்கள் சொல்வது குடம். உங்களுக்கென்று ஒரு அலிக்கோட் கேளுங்கள், அதில் உங்கள் பெயரும் திகதியும் எழுதுங்கள், மற்றவர்களுடையதில் கை வைக்காதீர்கள். மேசையை 70 வீத எதனோலால் துடைத்துவிட்டால் போதும் என்றும் நினைக்க வேண்டாம். அது கிருமியைக் கொல்லும், டிஎன்ஏயை அழிக்காது. அதற்கு 10 வீத பிளீச், அதுவும் அன்றன்று கரைத்தது. ஜெல் பார்க்கும் அறைக்குள் போட்ட ஆய்வுகூடக் கோட் உடுப்போடும் கிளவ்ஸோடும் பிசிஆர் கலக்கும் மேசைக்குத் திரும்பி வருவதும் கூடாது. இதை முதல் நாளே ஒருவர் உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதது உங்கள் பிழையில்லை.

இனி என் கதை. இதைச் சொல்ல எனக்கு இன்னும் கூச்சம்தான்.

நான் ஆய்வுகூடத்துக்கு வந்த முதல் மாதம், ஒரு காய்ச்சல் ஆய்வுக்காகச் சேர்த்த சீரம் ரியூப்புகள் 42 என்னிடம் தந்தார்கள். மேசை மேலிருந்த சாதாரணப் பேனாவை எடுத்து மூடியில் இலக்கங்கள் எழுதினேன். எழுதி முடித்து, நல்ல பிள்ளையாக, ராக்கோடு சேர்த்து எதனோல் விசிறினேன். என் கண்ணுக்கு முன்னால் நீல மை கரைந்து, ரியூப்பின் வழியே இறங்கி, ராக்கின் துளைகளுக்குள் போய்விட்டது. 42 வெள்ளை மூடிகள். அந்த நேரம் அறையில் ஒருவரும் இல்லை. வரிசையாகத்தானே வைத்தேன் என்று, சரியான மார்க்கரைத் தேடி எடுத்து, நினைவிலிருந்து 1 முதல் 42 வரை மீண்டும் எழுதினேன். பத்து நிமிட வேலை. ஒருவருக்கும் தெரியாது.

மூன்று கிழமை கழித்து, ஒரே நோயாளரின் முதல் நாள் மாதிரியும் ஐந்தாம் நாள் மாதிரியும் தலைகீழாக விடை காட்டத் தொடங்கின. எங்கள் மேடம் மூன்று தரம் திரும்பச் செய்து பார்த்தார், கிற்றை மாற்றிப் பார்த்தார், மெசினைக் கழுவிப் பார்த்தார், நான் பக்கத்தில் நின்று ரிப் எடுத்துக் கொடுத்துக்கொண்டு இருந்தேன். மூன்றாம் தரம் அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணைத் துடைத்தபோது என்னால் முடியவில்லை, சொல்லிவிட்டேன். அவர் ஏசவில்லை. "மை அழிஞ்சதுக்கு நான் ஒண்டும் சொல்லேல்லை. திரும்ப எழுதினீரே, அதுதான்" என்றார். 42 ரியூப்பும் ஆய்விலிருந்து போயின. காய்ச்சல் வந்த முதல் நாளின் இரத்தத்தை இரண்டாவது தரம் எடுக்க முடியாது. அந்த நாள் போனால் போனதுதான், ஊசிக்குக் கை நீட்டிய மனிதர் எங்களை நம்பித்தான் நீட்டினார்.

நான் அன்றைக்கே சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்? மாதிரிகளை எடுத்த வாட்டில் அன்றைக்கு இன்னும் மிச்சம் இருந்தது, புதிதாகப் பிரித்துத் தந்திருப்பார்கள், ஒரு மணித்தியாலம்.

உங்கள் ஆய்வுகூடத்தில் என்ன நோயைப் பார்க்கிறார்கள் என்று நீங்கள் சொல்லவில்லை, சொல்லாததும் நல்லது. ஆனால் 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் ஆட்கள் காய்ச்சலில் அடுத்தடுத்துச் செத்து, ஊரெல்லாம் மர்மக் காய்ச்சல் என்று கதைத்துக்கொண்டு இருந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அது எலிக்காய்ச்சல் என்று தெளிந்தது மாதிரிகளைச் சோதித்த பிறகுதான். அப்படி ஒரு நாளில் நெகற்றிவ் கொன்ட்ரோலில் கோடு வந்து, அதை ஒருவர் மறைத்துவிட்டால், இல்லாத நோய் இருக்கிறது என்று விடை போகும். கொன்ட்ரோல் வைப்பதே பிழையைப் பிடிப்பதற்குத்தான், வியாழக்கிழமை அது தன் வேலையைச் செய்திருக்கிறது. அதற்காக நீங்கள் ஏன் முகத்தைத் தொங்கப் போட வேண்டும்?

ஒரு பக்கக் கதை. டெங்கு நுளம்பு நன்னீரில்தான் முட்டையிடும் என்று நாங்கள் எல்லாரும் படித்தோம். யாழ்ப்பாணக் கரையோரத்திலும் மட்டக்களப்பிலும் உவர்நீருக்குள் அதன் குடம்பிகள் வளர்வதை எங்கள் ஆய்வாளர்கள் கண்டு 2011 இல் வெளியிட்டார்கள். புத்தகத்துக்கு ஒத்துவராததைக் கண்டவர் "நான்தான் மாறி அள்ளிவிட்டேன் போல" என்று போத்தலைக் கவிழ்த்துக் கொட்டியிருந்தால் அது வெளியே வந்திருக்காது. விசித்திரமாக ஏதும் வந்தால் எழுதி வையுங்கள், பிழையா புதினமா என்பதைப் பிறகு பார்க்கலாம்.

எழுதுவது என்றதும் கொப்பி ஞாபகம் வருகிறது. ரிஷ்யூவில், கையில், கிளவ்ஸின் பின்பக்கத்தில் எழுதிவிட்டுப் பின்னேரம் வடிவாகப் படியெடுக்கலாம் என்கிற பழக்கத்தை இப்போதே விடுங்கள் (பள்ளிக்கூடத்தில் வடிவான கொப்பிக்குத்தானே புள்ளி தந்தார்கள், அதன் வினை). பேனாவால், செய்கிற நேரத்திலேயே, அசிங்கமாக இருந்தாலும் சரி. வெட்டினால் ஒரு கோடு, அடியில் இருப்பது வாசிக்கத் தெரிய வேண்டும். தாளைக் கிழிக்கக்கூடாது. கிற்றின் லொட் (தயாரிப்புத் தொகுதி) இலக்கத்தையும் எழுதுங்கள். புதன்கிழமைப் பக்கத்தில் "தண்ணீர்: ரிப் மாற்றியது நிச்சயமில்லை" என்று இன்றைய திகதி போட்டுச் சேர்த்துவிடுங்கள், அன்றைக்கே எழுதியது போல் நுழைக்காதீர்கள்.

பைப்பெற் பற்றி நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லாமல் விட மனமில்லை. ஏ.எல் இரசாயனவியலில் குழாயி என்று படித்தோமே, அந்த 25 மில்லிலீற்றர் கண்ணாடிக் குழாயும் இதுவும் ஒரே பெயர் என்றாலும் வேறு வேறு மிருகங்கள். இதன் ஜன்னலில் மேலிருந்து கீழே மூன்று இலக்கம் தெரியும். 050 என்று இருந்தால் எவ்வளவு? 20 மைக்ரோலீற்றர் வரை எடுக்கும் பைப்பெற்றில் அது 5 மைக்ரோலீற்றர், 200 இல் 50, 1000 இல் 500. ஒரே 050. நல்ல கெட்டிக்காரப் பிள்ளைகள் இதில் விழுவதைப் பார்த்திருக்கிறேன், அவசரத்தில் நானும் விழுந்திருக்கிறேன். எடுத்த பிறகு ரிப்பைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பாருங்கள், 5 எப்படி இருக்கும் 50 எப்படி இருக்கும் என்று கண்ணுக்குப் பழகிவிட்டால் இலக்கம் ஏமாற்ற முடியாது. உறிஞ்சும்போது முதல் தடை வரைதான் அமத்த வேண்டும், விடும்போதுதான் இரண்டாவது. பெருவிரலை மெதுவாக எடுங்கள், சடக்கென்று விட்டால் காற்றுக் குமிழி போகும், சில நேரம் திரவமே பைப்பெற்றுக்குள் ஏறிவிடும்.

பழக ஒரு வழி இருக்கிறது, காசு செலவில்லை. மத்தியானம் தராசு சும்மா இருக்கும் நேரம் கேட்டுவிட்டு, அதில் ஒரு சின்ன ரியூப்பை வைத்துப் பூச்சியமாக்கி, 100 மைக்ரோலீற்றர் தண்ணீர் விடுங்கள். 0.1 கிராமுக்கு மிக அருகில் காட்ட வேண்டும். பத்துத் தரம் செய்து பத்தையும் எழுதுங்கள். பத்தும் ஒன்றுக்கொன்று கிட்ட இருந்தால் கை நல்லது. எல்லாம் ஒரே அளவாகக் குறைந்தால் பைப்பெற்றில் சந்தேகம். தாறுமாறாகப் போனால் பெருவிரலில் சந்தேகம். ஃபானை நிற்பாட்டிவிட்டுச் செய்யுங்கள், அந்தக் காற்றுக்குத் தராசு ஆடும்.

மொழிக்கு வருகிறேன். பாதி விளங்கவில்லை என்றால் அதில் கால்வாசிதான் இங்கிலிஷ், மிச்சம் ஆய்வுகூடத்துக் கொச்சை, கொழும்பில் இங்கிலிஷில் படித்த பிள்ளைக்கும் முதல் கிழமை அது விளங்காது. ஸ்பின் டவுன் என்றால் மூடியில் ஒட்டியிருக்கும் துளிகள் அடிக்கு இறங்க மையநீக்கியில் ஐந்து பத்துச் செக்கன் சுற்றுவது, அவ்வளவுதான். மையநீக்கம் ஏன் நடக்கிறது, நொதியத்தை ஏன் ஐஸில் வைக்கிறார்கள், கலத்துக்குள் என்ன இருக்கிறது என்பதெல்லாம் உங்களுக்குத் தமிழில் தெரியும், பெயர்ப்பலகைதான் மாறியிருக்கிறது. மானிப்பாயில் கிறீன் வைத்தியர் 1848 இல் மருத்துவம் படிப்பிக்கத் தொடங்கிய ஊர் இது. அமெரிக்காவிலிருந்து வந்த மனிதர் தமிழைப் படித்து, உடற்கூற்று நூலைத் தமிழுக்குக் கொண்டுவந்து, தமிழிலேயே வைத்தியர்களை உருவாக்கினார். ஆகவே தமிழில் படித்துவிட்டேன் என்று தலையைக் குனிந்து நிற்கிற வேலை வேண்டாம். ஒன்று மட்டும் செய்யுங்கள், யாராவது ஏதாவது சொன்னால் தலையாட்டாமல் திருப்பிச் சொல்லுங்கள். "அப்ப இதை மைனஸ் 20 இல் வைக்கிறேன், 4 டிகிரி பிறிட்ஜில் இல்லை, சரிதானே அண்ணா?" என்று. பிழையாக விளங்கியிருந்தால் அந்த இடத்திலேயே திருத்துவார்கள். ஒரே கேள்வியை மூன்றாம் தரம் கேட்டால் ஏச்சு விழும்தான், அதற்குத்தான் கொப்பி.

லேபல் எழுதுவதும் ரிப் அடுக்குவதும் அவமானம் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வாடை அடிக்கிறது. என் 42 மூடிகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் கடுமையாகச் சொல்கிறேன். யாழ்ப்பாணத்தில் நாலு பேரை எடுத்தால் இரண்டு பேர் எங்களுக்குச் சொந்தம், மூன்றாமவர் அயல். ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் தெரிந்த பெயர் ஒன்று படிவத்தில் வரும். வந்தால் அது உங்களோடு அந்த அறையிலேயே நிற்க வேண்டும். அம்மாவுக்கும் சொல்லக்கூடாது, அந்த ஆளையே கோயிலில் கண்டாலும் "இப்ப சுகமோ" என்று கேட்கக்கூடாது. ராக்கோடு நின்று எடுத்த படத்தை ஸ்ரேற்றஸில் போடுவதும் அப்படித்தான், பின்னால் ஒரு லேபல் தெரிந்தால் போதும்.

சரிவருமா என்ற கேள்விக்கு ஒரு கிழமையில் விடை சொல்ல எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரிய வழியில்லை. ரிப் மாற்றினேனா என்று நான்கு நாளாக நித்திரையில்லாமல் யோசிக்கிற ஆளை நான் என் மேசைக்கு எடுப்பேன், இவ்வளவுதான் சொல்வேன்.

அம்மாவின் பயத்தில் நியாயம் இருக்கிறது, சிரிக்காதீர்கள். இரத்த மாதிரிகளைத் தொடுகிறீர்கள் என்றால் ஹெபற்றைற்றிஸ் பி தடுப்பூசி போட்டீர்களா என்று பாருங்கள். மூன்று டோஸ், முதலாவது போட்டு ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாம் மாதத்தில் மூன்றாவது, நடுவில் விட்டிருந்தால் ஆய்வுகூடத்தில் கேட்டால் வழி சொல்வார்கள். ஊசிக்குத் திரும்ப மூடி போட வேண்டாம், அப்படியே கூர்ப்பொருள் பெட்டிக்குள். கிளவ்ஸோடு போனைத் தொடாதீர்கள், கதவுப் பிடியையும். றப்பர் செருப்பு வேண்டாம், பள்ளிக்கூடத்துக்குப் போட்ட சப்பாத்து எங்கேயாவது கிடந்தால் தூசு தட்டி எடுங்கள், விழுகிற போத்தல் காலைத்தான் தேடும். சோல் துணியைப் பின்னால் முடிந்து கோட்டுக்குள் விடுங்கள். சாப்பாட்டுப் பெட்டியை மாதிரி வைக்கும் பிறிட்ஜில் வைக்காதீர்கள், வெயிலுக்குக் கறி பழுதாகிவிடும் என்று ஒருவர் வைத்து அன்றைக்கு அந்த அறையில் நடந்த கூத்தை எழுதினால் தனிக் கட்டுரையாகிவிடும். கோட்டை அங்கேயே கழற்றிக் கொளுவுங்கள், கையை முழங்கை வரை சோப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் சைக்கிளில் ஏற வேண்டும். அங்கே தோய்க்கிற வசதி இல்லை, வீட்டுக்குத்தான் கொண்டு வர வேண்டும் என்றால் தனிப் பையில் கட்டிக்கொண்டு வந்து தனி வாளியில், சுடுதண்ணீரில். அம்மாவின் சேலைகள் ஊறுகிற வாளிக்குள் மட்டும் போட்டுவிடாதீர்கள், பிறகு நான் எழுதின எந்தச் சமாதானமும் அந்த வீட்டில் எடுபடாது.